ஸ்டார் கட்டலைன்னா கிறிஸ்துமஸ் இல்லையா?

டிசம்பர் வந்தாலே காலேஜ் ஹாஸ்டல்களில் ரெண்டு விஷயம் நிச்சயம். ஒண்ணு, செமஸ்டர் எக்ஸாம். இன்னொண்ணு, ஏதாவது ஒரு ரூம் வாசலில் ஒயரும் பல்புமாகத் தொங்கும் பேப்பர் ஸ்டார். கட்டுறவர் கிறிஸ்தவராகத்தான் இருக்கணும்னு ரூல் எல்லாம் கிடையாது. ஸ்டூல் எடுத்துட்டு வர்றது ஒருத்தர், ஆணி அடிக்கிறது இன்னொருத்தர், ஃபியூஸைப் பிடுங்குறது எலெக்ட்ரிக்கல் டிபார்ட்மென்ட்!

இப்போ மூணாவதா ஒரு அயிட்டமும் சேர்ந்திருக்கு. வாட்ஸ்அப் ஃபார்வர்டு. 'கிறிஸ்துமஸே ரோமானியர்களின் சூரியக் கடவுள் பண்டிகைதான், மரம் வைக்கிறதை பைபிளே தடை பண்ணியிருக்கு, தெரியுமா?' இந்த டைப். அனுப்புறவர் வேற மதமா இருப்பார்னு நினைச்சா ஏமாந்துபோவீங்க. பாதி நேரம் அவர் பக்கா கிறிஸ்தவர்.

உங்க விங்கிலேயே கவனிச்சுப் பாருங்க. ஞாயிற்றுக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போவார், மெஸ் சாம்பாருக்கு முன்னாலகூட கண்ணை மூடி ஜெபம் பண்ணுவார். (அந்த சாம்பாருக்கு ஜெபம் அவசியம்தான்.) ஆனா, ஸ்டார் கட்ட மாட்டார், கேக் பக்கம் வர மாட்டார். 'எங்க சபையில கிறிஸ்துமஸ் கொண்டாடறது இல்ல'ன்னு சொன்னதும், 'அப்புறம் நீ என்னடா கிறிஸ்டியன்?'னு மொத்த விங்கும் கலாய்க்கும். தமிழ்நாட்டில் பெந்தெகொஸ்தே, பிரதரன் சபைகளில் சிலவற்றுக்கு டிசம்பர் 25 ஒரு சாதாரண நாள்தான். கலாய்க்கிற நமக்குத்தான் அது தெரியறதில்லை.

அப்போ ஸ்டார், குடில், மரம், கேக், தாத்தா... இதுக்கெல்லாம் கிறிஸ்தவ நம்பிக்கையோட என்ன சம்பந்தம்? முதல்ல ஒரு குட்டி குவிஸ். பிட் அடிக்காம பதில் சொல்லணும்.

இயேசுவைப் பார்க்க வந்தது மூன்று ராஜாக்களா? ஒட்டகத்தில் வந்தாங்களா? தொழுவத்தில் மாடும் கழுதையும் இருந்ததா? பிறந்தது டிசம்பர் 25-ஆ?

நாலுக்கும் 'ஆமா'ன்னு சொல்லியிருந்தா, நாலிலும் அவுட்! பைபிளில் இந்த நாலில் ஒண்ணுகூடக் கிடையாது. இயேசுவின் பிறப்பைப் பற்றிச் சொல்றது மத்தேயு, லூக்கா ரெண்டு பேர்தான். கிழக்கே இருந்து வந்தவர்களை மத்தேயு ராஜாக்கள்னு சொல்லலை. பழைய தமிழ் பைபிளில் அவங்க 'சாஸ்திரிகள்', கத்தோலிக்கர்களின் மொழிபெயர்ப்பில் 'ஞானிகள்'. எத்தனை பேர்னும் கணக்கு இல்லை. பொன், தூபம், வெள்ளைப்போளம்னு பரிசு மூணு என்பதால், ஆளுக்கு ஒண்ணுன்னு வகுத்து மூணு பேர் ஆக்கிட்டோம். அவங்க வந்து பார்த்ததும் தொழுவத்தில் இல்லை, ஒரு வீட்டில். தொழுவத்துக்கே ஆதாரம் லூக்காவில் வர்ற ஒரே ஒரு வார்த்தை. பழைய மொழிபெயர்ப்பில் 'முன்னணை', புதுசில் 'தீவனத் தொட்டி'. குழந்தையைக் கிடத்தினது அதில். தொட்டி இருந்தா மாடு இருக்கணுமேன்னு நம்மாளுங்க லாஜிக் போட்டாச்சு.

வெறும் லாஜிக் மட்டும்னும் சொல்ல முடியாது. இயேசுவுக்குப் பல நூறு வருஷம் முந்தின ஏசாயா புத்தகத்தில், முதல் அதிகாரத்திலேயே ஒரு வருத்தம் பதிவாகியிருக்கு. மாட்டுக்குத் தன் எஜமானைத் தெரியும், கழுதைக்குத் தன் தொட்டி தெரியும், ஜனங்களுக்குத்தான் கடவுளைத் தெரியலைங்கிறது அதன் சாரம். அதைப் படிச்ச ஆதிகால கிறிஸ்தவர்கள், நாலாம் நூற்றாண்டிலேயே கல்லறைச் சிற்பங்களில் குழந்தை பக்கத்தில் அந்த ரெண்டு ஜீவனையும் செதுக்கிட்டாங்க. ஊருக்குத் தெரியாதது மாட்டுக்குத் தெரிஞ்சுதுன்னு ஒரு குத்தல். நம்ம குடிலில் சும்மா உட்கார்ந்திருக்கிற பொம்மைக்குப் பின்னாடி இவ்வளவு மேட்டர்!

அந்தக் குடிலையே இன்னைக்கு நாம பார்க்கிற மாதிரி பரவலாக்கினவர், இத்தாலியின் அசிசி ஊர் ஃபிரான்சிஸ். 1223-ல் கிரெச்சோ என்ற மலைக் கிராமத்தில், வைக்கோல் பரப்பி, நிஜ மாடு, நிஜ கழுதை கொண்டுவந்து நிறுத்தி, அந்தத் தொட்டி பக்கத்திலேயே நள்ளிரவுப் பூசை வைக்கச் சொன்னார். குழந்தை எவ்வளவு கஷ்டத்தில் பிறந்ததுன்னு கண்ணால் பார்க்கணும்ங்கிறது அவர் ஆசை. பணக்கார வியாபாரி வீட்டுப் பிள்ளை, எல்லாத்தையும் உதறிட்டு வந்த மனுஷன். அவருக்கு அது டெகரேஷன் கிடையாது, வறுமையைப் பற்றின டெமோ.

டேட் பஞ்சாயத்துக்கு வருவோம். டிசம்பர் 25-ல் இயேசு பிறந்த விழான்னு தெளிவாகச் சொல்ற பழைய ஆதாரம், ரோமில் 354-ம் வருஷம் தொகுத்த ஒரு காலண்டர் புத்தகம். அதுக்கு 80 வருஷம் முன்னாடி, 274-ல், ஆரேலியன் என்ற பேரரசர் 'வெல்லப்படாத சூரியன்' என்ற கடவுளுக்கு ரோமில் கோயில் கட்டினார். அந்தச் சூரியனுக்கும் டிசம்பர் 25-ல் பிறந்த நாள். வாட்ஸ்அப் ஃபார்வர்டு இதோட நின்னுடும். ஆனா, அந்தச் சூரியப் பிறந்த நாளுக்குக் கிடைக்கிற ஆதாரமும் அதே 354 புத்தகம்தான்! யாரைப் பார்த்து யார் காப்பி அடிச்சாங்கன்னு இன்னும் ஆராய்ச்சியாளர்கள் சண்டை போட்டுக்கிட்டிருக்காங்க. இன்னொரு கோஷ்டி கணக்குப் போடுது. இயேசு கருவில் உருவானது மார்ச் 25 என்பது பழைய நம்பிக்கை, அதோட ஒன்பது மாசம் கூட்டினா டிசம்பர் 25. அரியர் கிளியர் பண்ற மாதிரி சிம்பிள் இல்லை இந்தக் கேஸ்.

அர்மீனிய சபை இன்னைக்கும் ஜனவரி 6-ல் கொண்டாடுது. ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபை பழைய ஜூலியன் காலண்டரை விடாததால் ஜனவரி 7. உக்ரைன் 2023-ல் சட்டம் போட்டு அரசு விடுமுறையை ஜனவரி 7-லிருந்து டிசம்பர் 25-க்கு மாத்திடுச்சு. யுத்தத்துக்கு நடுவில் ரஷ்யாவோட காலண்டர்கூட வேண்டாம்னு ஒரு முடிவு. தேதியில் நம்பிக்கை மட்டும் இல்லை, அரசியலும் இருக்கு பாஸ்!

கிறிஸ்துமஸுக்குத் தடா!

கிறிஸ்துமஸைத் தடை பண்ணின நாடு எதுன்னு கேட்டா, சோவியத் ரஷ்யா அப்படி இப்படின்னு சொல்லத் தோணும். அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடியே தடை போட்டது இங்கிலாந்து. போட்டவங்க நாத்திகர்கள் இல்லை, ப்யூரிட்டன்கள். பைபிளைத் தவிர வேற எதையும் ஒத்துக்காத, அந்தக் காலத்தின் ரொம்ப ஸ்ட்ரிக்ட்டான கிறிஸ்தவர்கள்.

அவங்க கேள்வி நம்ம விங் ஃப்ரெண்டோட கேள்விதான். 'இது பைபிளில் எங்கே இருக்கு?' பிறந்த நாளைக் கொண்டாடுன்னு இயேசு சொல்லலை, அப்போஸ்தலர்கள் கொண்டாடலை, தேதியும் இல்லை. கிறிஸ்து பேரைச் சொல்லிக் குடியும் சூதாட்டமும்தான் நடக்குது. வாரா வாரம் ஞாயிறு இருக்கும்போது இது எதுக்கு? 1647 ஜூனில் பார்லிமென்ட் கிறிஸ்துமஸ், ஈஸ்டர் எல்லாத்தையும் ரத்து பண்ணி உத்தரவு போட்டுடுச்சு.

அந்த வருஷ டிசம்பர் 25-ல் கான்டர்பரி ஊரில் மேயர் கடைகளைத் திறக்கச் சொன்னார். ஜனங்களுக்கு வந்ததே கோபம்! திறந்திருந்த சில கடைகளை அடிச்சு நொறுக்கி, சாமான்களைத் தெருவில் வீசி, வீட்டு வாசல்களில் ஹாலி செடிக் கொத்துகளைத் தொங்கவிட்டு, நடுத்தெருவில் ஃபுட்பால் ஆடினாங்க. ஃபுட்பாலுக்கும் இயேசுவுக்கும் என்ன சம்பந்தம்னு ப்யூரிட்டன்கள் தலையில் அடிச்சிருப்பாங்க. அவங்க பாயின்ட்டும் அதுதானே!

அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறின ப்யூரிட்டன்களும் சும்மா இல்லை. மாசசூசெட்ஸில் 1659-லிருந்து 1681 வரை சட்டம். கிறிஸ்துமஸுக்காக வேலையை விட்டு விருந்து சாப்பிட்டா ஐந்து ஷில்லிங் ஃபைன். அதுக்கும் முன்னாடி 1621-ல் பிளிமத் குடியேற்றத்தில் நடந்ததை, அங்கே கவர்னரா இருந்த வில்லியம் பிராட்ஃபோர்டே எழுதி வெச்சிருக்கார். டிசம்பர் 25 காலையில் எல்லாரையும் வேலைக்குக் கூப்பிட்டார். புதுசா வந்து இறங்கின சிலர், 'இன்னைக்கு வேலை பார்க்க எங்க மனசாட்சி ஒப்பலை'ன்னாங்க. சரி, மனசாட்சி மேட்டராச்சேன்னு விட்டுட்டார். மத்தியானம் திரும்பி வந்து பார்த்தா, மனசாட்சிக்காரங்க தெருவில் ஜாலியா பந்து விளையாடிக்கிட்டிருக்காங்க! ஆட்டச் சாமான்களைப் பிடுங்கிக்கிட்டவர், 'மத்தவங்க உழைக்கும்போது நீங்க விளையாடறதுக்கு என் மனசாட்சி ஒப்பலை. பக்திக்காக லீவுன்னா வீட்டுக்குள்ள இருந்து பக்தியைப் பண்ணுங்க'ன்னுட்டார். நம்ம வார்டன்கள் எல்லாம் இவர்கிட்டதான் ட்ரெயினிங் எடுத்திருக்கணும்.

சிரிப்பா இருந்தாலும் அந்த ஆள் கேட்டதில் நியாயம் இருக்கு. லீவு பக்திக்கா, ஆட்டத்துக்கா? டிசம்பர் ஆஃபர் பேனர்களுக்குக் கீழே நின்னு பார்த்தா இன்னைக்கும் கேட்கத் தோணுது.

இங்கிலாந்தில் 1660-ல் ராஜா திரும்பி வந்ததும் கிறிஸ்துமஸும் திரும்பிடுச்சு. பிரெஸ்பிட்டேரியன் சபை வலுவா இருந்த ஸ்காட்லாந்தில் மட்டும் டிசம்பர் 25 பொது விடுமுறை ஆனது எப்போ தெரியுமா? 1958-ல்! இன்னைக்கும் உயிரோட இருக்கிற ஸ்காட்லாந்து தாத்தாக்கள் பலருடைய அப்பாக்கள், கிறிஸ்துமஸ் அன்னைக்கு டிபன் பாக்ஸ் எடுத்துட்டு வேலைக்குப் போனவங்க. அவங்களும் கிறிஸ்தவர்கள்தான். ஸோ, ஸ்டார் கட்டாத ஃப்ரெண்டைப் பார்த்து 'நீ என்ன கிறிஸ்டியன்?'னு கேட்கறது செல்லாது. முந்நூறு, நானூறு வருஷப் பாரம்பரியம் அவருக்கும் இருக்கு. கொண்டாடாத பாரம்பரியம்!

மரமும் ஜியாமெட்ரியும்

மரம் மேட்டருக்கு வருவோம். 'பைபிளே தடை பண்ணியிருக்கு'ன்னு ஃபார்வர்டில் வர்றது எரேமியா பத்தாம் அதிகாரம். காட்டில் மரத்தை வெட்டி, வெள்ளி, தங்கத்தால் அலங்கரிக்கிறதைத் திட்டுது. முழுசாப் படிச்சா தெரியும், அது மரத்தில் சாமி சிலை செய்யறதைப் பற்றினது. எரேமியா காலத்தில் கிறிஸ்துமஸும் இல்லை, கிறிஸ்துமஸ் மரமும் இல்லை.

நமக்குத் தெரிஞ்ச மரம் ஜெர்மன் பேசும் ஊர்களில் வளர்ந்தது. 1605-ல் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தில் வீட்டு ஹாலுக்குள் ஃபிர் மரம் வெச்சு காகித ரோஜா, ஆப்பிள், மெல்லிய அப்பம், இனிப்பு எல்லாம் தொங்கவிட்டாங்கன்னு ஒரு குறிப்பு இருக்கு. ஆப்பிள் எதுக்கு? டிசம்பர் 24 அந்தப் பக்கங்களில் ஆதாம் ஏவாள் நாள். ஏதேன் தோட்ட நாடகம் போட, பழம் தொங்குற ஒரு பச்சை மரம் வேணும். டிசம்பரில் அந்தக் குளிரில் பச்சையா நிக்கிறது ஃபிர்தான். அப்பம், சர்ச்சில் நற்கருணையில் தர்ற அப்பத்தோட ஜாடை. பாவம் தொடங்கின மரத்தில் இரட்சிப்பின் அப்பம்! இன்னைக்கு நாம தொங்கவிடுற சிவப்பு பிளாஸ்டிக் உருண்டையில் அந்த ஆப்பிள் ஞாபகம் லேசா ஒட்டிக்கிட்டிருக்கு.

மரம் பெரும்பாலும் புராட்டஸ்டன்ட் வீட்டுச் சொத்து, குடில் கத்தோலிக்கச் சொத்துன்னு ரொம்ப நாள் இருந்தது. 1848-ல் விக்டோரியா மகாராணி குடும்பம் மரத்தைச் சுத்தி நிக்கிற படம் ஒரு லண்டன் பத்திரிகையில் வந்ததும் இங்கிலாந்தே வாங்க ஆரம்பிச்சது. வாடிகனில் செயின்ட் பீட்டர்ஸ் சதுக்கத்துக்கு மரம் வந்தது 1982-ல்தான், போப் இரண்டாம் ஜான் பால் காலத்தில். இப்போ நம்ம ஊர் சி.எஸ்.ஐ. வீடுகளிலும் குடில் இருக்கு, கத்தோலிக்க வீடுகளிலும் மரம் இருக்கு. எக்ஸ்சேஞ்ச் ஆஃபர்!

எனக்கு இதில் ரொம்பப் பிடிச்சது ஒரு ஸ்டார் கதை. 1830-கள் வாக்கில், ஜெர்மனியில் நிஸ்கி என்ற ஊரில் மொரேவியன் சபை நடத்தின பசங்க ஸ்கூல். ஜியாமெட்ரி கிளாஸுக்காக பேப்பரில் பிரமிடுகள் மடிச்சு ஒட்டி ஒரு நட்சத்திரம் செஞ்சாங்க. இன்னைக்கும் அந்த ஸ்டாண்டர்டு மாடலுக்கு 25 முனை. 17 முனைக்கு அடியில் சதுரம், 8-க்கு முக்கோணம். மொத்த உருவத்துக்கு 26 முகம், மிச்சம் ஒரு முகம் லைட் மாட்ட. முதல் வருஷ டிராயிங் கிளாஸில் பிரமிடை விரிச்சு வரையத் தெரியாம முழிச்ச நமக்கு இது எவ்வளவு பெரிய வேலைன்னு புரியும். வீட்டை விட்டு ஹாஸ்டலில் இருந்த பசங்க அதைத் திருவருகைக் கால ஞாயிறுகளில் கட்டித் தொங்கவிட்டாங்க, லீவில் வீட்டுக்கும் கொண்டுபோனாங்க. அந்த ஸ்கூலில் படிச்ச ஒருத்தர் பின்னாடி அதைச் செஞ்சு விற்க ஆரம்பிச்சு, குடும்பத் தொழிலாகி, ஹெர்ன்ஹூட் ஊரில் 1897-ல் ஃபேக்டரியே வந்துடுச்சு. கணக்குப் பாடத்தில் பிறந்த ஸ்டாரை மொரேவியன்கள் பெத்லகேம் நட்சத்திரமாகப் பார்க்கறாங்க. அது எங்கிருந்து வந்ததுன்னு கேட்டா, சிலபஸ்லேர்ந்து! எதுக்குன்னு கேட்டா, நம்பிக்கைக்கு.

அதனாலதான் 'இது ஒரிஜினலா எங்கேயிருந்து வந்தது?' என்ற ஒரே கேள்வியை வெச்சு அடிச்சுக்கறதில் எனக்கு இஷ்டமில்லை. ப்யூரிட்டன் கேள்வி நேர்மையானது, ஒத்துக்கறேன். ஆனா, ஃபிரான்சிஸோட வைக்கோலும் பைபிளில் இல்லாததுதான், அந்த வைக்கோல் இல்லைன்னா 'தீவனத் தொட்டி'ங்கிற வார்த்தை எத்தனை பேர் மனசில் ஒட்டியிருக்கும்?

எல்லா அயிட்டத்துக்கும் இப்படிப் பரிவு காட்ட முடியாதுங்க. காலேஜ் கிறிஸ்துமஸ் விழான்னாலே பாடற 'ஜிங்கிள் பெல்ஸ்' பாட்டில் இயேசு பேரும் இல்லை, கிறிஸ்துமஸ்ங்கிற வார்த்தையும் இல்லை. 1857-ல் அமெரிக்காவில் வெளியான, பனியில் குதிரை வண்டி ஓட்டற ஜாலிப் பாட்டு அது. பாடுங்க, தப்பில்லை, கேரல்னு மட்டும் சொல்லாதீங்க.

கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குக் கீழே மட்டும் ஒரு நிஜ மனுஷன் இருக்கார். நாலாம் நூற்றாண்டில் இன்றைய துருக்கியில் இருக்கும் மிரா ஊரின் பிஷப் நிக்கோலஸ். அவரைப் பற்றின கர்ணபரம்பரைக் கதை நமக்கு ரொம்பப் பக்கம். நொடிச்சுப்போன ஒரு அப்பா, மூணு பொண்ணுங்க, கல்யாணம் பண்ணிக்கொடுக்க சீதனத்துக்குக் காசில்லை. பொண்ணுங்களை விக்கிற நிலைமை. ராத்திரியில் யாருக்கும் தெரியாம ஜன்னல் வழியா தங்க முடிப்பை வீசிட்டுப் போனாராம், ஒவ்வொரு பொண்ணுக்கும் ஒரு முடிப்பு. ரகசியமா ராத்திரியில் கிஃப்ட் வர்றதோட ஆரம்பம் இதுதான். இப்போ தாத்தா மால் வாசலில் செல்ஃபிக்கு நிக்கிறார், சீதனப் பிரச்னை அப்படியே இருக்கு.

நம்ம ஊர் அயிட்டங்களையும் சொல்லாம விட்டா பாவம். கன்னியாகுமரிப் பக்கம் கிறிஸ்துமஸ்னா முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும். பேர்தான் முந்திரி, உள்ளே இருக்கிறது பாசிப்பயறும் வெல்லமும். தீபாவளிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வந்த தட்டு, டிசம்பரில் பலகாரத்தோட திரும்பிப் போகும். சில வீடுகளில் குடிலுக்குப் புல் வேணும்னு தட்டில் கேழ்வரகு விதைச்சு முளைக்க விடறாங்க. பெத்லகேமில் கேழ்வரகு உண்டான்னு யாரும் கேட்கறதில்லை. இலங்கைத் தமிழர்களுக்கு இந்தப் பண்டிகையோட பேரே 'நத்தார்'. போர்ச்சுக்கீசியர்களின் 'நத்தால்' தமிழ் வாயில் விழுந்து அப்படி ஆச்சு.

இந்த வருஷம் 24-ம் தேதி ராத்திரி எக்ஸாம் இல்லைன்னா, பக்கத்தில் இருக்கிற கத்தோலிக்க கோயிலுக்கு ஒரு நடை போய்ப் பாருங்க. பூசை பெரும்பாலும் பதினொன்றரை வாக்கில் ஆரம்பிக்கும். போனதும் நேரா குடில்கிட்ட போங்க. மாடு இருக்கும், கழுதை இருக்கும், மேரி, ஜோசப் இருப்பாங்க, நடுவில் இடம் காலியா இருக்கும். குழந்தையை வைக்கிறது நள்ளிரவில்தான். பெரும்பாலான சி.எஸ்.ஐ. சர்ச்சுகளில் ஆராதனை 25 விடியற்காலையில், இருட்டு பிரியறதுக்கு முன்னாடி. ரெண்டையும் ஒரே ராத்திரியில் பார்த்துடலாம். ஹாஸ்டல் கேட் டைமிங்கை மட்டும் வார்டன்கிட்ட முன்கூட்டியே பேசி வெச்சுக்கோங்க. பக்திக்காகத்தான் போறோம்னு சொல்லுங்க. கையில் பந்து எதுவும் வேண்டாம்!